வரவுத்தாளின் ஐந்தாவது கட்டம்: படுவான்கரையில் ஒரு சட்டக் கல்வித் திட்டம்

2022 ஏப்ரலில் ஒரு நாள், அதுவரை நடந்த மூன்று சனிக்கிழமைக் கூட்டங்களின் வரவுத்தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர், வயது, கிராமம், கையொப்பம், அடையாள அட்டை இலக்கம் என்று ஐந்து கட்டங்கள். முதல் கிழமை வந்தவர்களில் பாதிப்பேர் இரண்டாம் கிழமை இல்லை. மூன்றாம் கிழமை இன்னும் குறைவு.

"ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுத்தும் வரவில்லை என்றால் பாடம்தான் சரியில்லை" என்றார் எங்கள் சட்டத்தரணி. பாதி சரி. மற்றப் பாதியைக் கண்டுபிடித்தவன் தேநீர் ஊற்றித் தர வந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். "அண்ணன், கடைசிக் கட்டத்தப் பாருங்க. அத நிரப்பாத ஆக்கள்தான் மறுகா வரல்ல."

அவன் சொன்னது போலத்தான் இருந்தது. அடையாள அட்டை இல்லாத இளையவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்க வந்த நாங்கள், வாசலிலேயே அடையாள அட்டை இலக்கம் கேட்டிருக்கிறோம். அதை நிரப்ப முடியாதவர்கள் வெட்கப்பட்டு நின்றுவிட்டார்கள். இந்த ஆய்வு அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. நான் அந்தத் திட்டத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். நிறுவனத்தின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் எழுதவில்லை. கீழே வரும் குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

இடமும் நிறுவனமும்

மட்டக்களப்பு வாவிக்குக் கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. ஆஸ்பத்திரி, கச்சேரி (மாவட்டச் செயலகம்), நீதிமன்றம், பெயர்பெற்ற பள்ளிக்கூடங்கள் எல்லாம் பெரும்பாலும் சூரியன் எழும் கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் பாதையில் ஏறித்தான் அக்கரை போனார்கள். (வெளியூர் வாசகருக்கு: எங்களிடம் 'பாதை' என்றால் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிப் போகும் மிதவை.) நாங்கள் வேலை செய்த கிராமம் இன்னும் தெற்கே, போரதீவுப்பற்றில், வெல்லாவெளிப் பிரதேச செயலகத்துக்குக் கீழே இருக்கிறது. பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டினால் களுவாஞ்சிகுடி. நீதிமன்றமும் ஆதார வைத்தியசாலையும் அங்கே.

நிறுவனம் சின்னது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவானது. அதாவது பங்குதாரர் கிடையாது, இலாபத்தைப் பிரித்துக்கொள்ள முடியாது. சம்பளத்துக்கு ஒரு சட்டத்தரணி, தொண்டாக வரும் சிலர், என்னைப்போலக் கிராமம் சுற்றுகிறவர்கள். வழக்குப் பேசுவது எங்கள் முதல் வேலை அல்ல. வசதியில்லாதவருக்கு இலவசமாக வழக்காட 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதற்கு மட்டக்களப்பிலும் அலுவலகம் உண்டு. ஆனால் அந்தக் கதவைத் தட்டலாம் என்று தெரியாதவர்கள் வயல் கரையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்தக் கதவுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதற்கு என்று எழுதித்தான் பணம் வாங்கியிருந்தோம். 15 முதல் 24 வயதுவரையான இளையவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, அவர்கள் வழியாக ஊருக்குச் சொல்வது. தாளில் அழகாகத்தான் இருந்தது.

முதல் மூன்று வகுப்பும் அடிப்படை உரிமைகள். அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம். உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்று சட்டத்தரணி விளக்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு பொடியன் எழும்பி, "மிஸ், கொழும்புக்கு பஸ் எத்தின மணிக்கு?" என்றான். எல்லோரும் சிரித்தோம். இன்றைக்கு யோசித்தால் அந்த மூன்று கிழமையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

நாலாம் கேள்வி

வரவுத்தாளில் கடைசிக் கட்டத்தை வெட்டினோம். இதற்கே தலைமை அலுவலகத்துடன் இரண்டு கிழமை இழுபறி. பணம் கொடுப்பவர்களுக்கு வந்தவர் உண்மையான ஆள்தான் என்பதற்கு இலக்கம் வேண்டுமாம். அப்புறம் பாடத்தை மாற்றினோம். பிறப்பு, விவாகம், இறப்பு, அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம் ஆகிய ஐந்து பத்திரங்கள். ஒவ்வொன்றையும் யார் தருவார், எங்கே போவது, எதைக் கொண்டுபோவது, இல்லை என்றால் அடுத்த வழி என்ன. உண்மையான படிவத்தைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னோம். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். வீட்டில் அம்மம்மாவுக்கு வந்து கிடக்கும் கடிதத்தைக் கொண்டுவந்து, "இதில என்ன கேக்கிறாங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "மனே, இதக் கொஞ்சம் வாசி" என்று பெரியவர்கள் ஒழுங்கையில் மறிப்பதாகவும் சொன்னார்கள்.

உற்சாகம் கூடியதும் ஒரு பிழை விட்டோம். வீடு வீடாகப் போய் யாரிடம் எந்தப் பத்திரம் இல்லை என்று கணக்கெடுக்கலாம் என்று தீர்மானித்து, கேள்வித்தாளை அலுவலகத்திலேயே தயாரித்தோம். நாலாம் கேள்வி: 'உங்கள் விவாகம் பதியப்பட்டதா?' சண்டைக் காலத்தில் கலியாணம் செய்தவர்கள் நிறைந்த ஊர் அது. சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பதிவுகாரரைத் தேடிப் போக முடியாமல், கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கேள்வியை 17 வயதுப் பிள்ளைகளைக் கொண்டு கேட்க வைத்தோம். கணக்கெடுத்த பொடியன் ஒருவன், இன்ன வீட்டில் 'இல்லை' என்று சொன்னார்கள் என்பதைக் கடைவாசலில் வைத்துச் சொல்லிவிட்டான். அவன் கெட்டவன் அல்ல. காதில் விழுந்ததை எங்கே வைப்பது என்று நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். ஏச்சு என்றே சொல்லலாம். நியாயமான ஏச்சு. ஒரு மாதம் வேலையை நிறுத்தினோம். நிரப்பிய தாள்களை அந்தச் சங்கத்துப் பெண்களுக்கு முன்னால் எரித்தோம். பிறகு தொடங்கியபோது முதல் வகுப்பு இரகசியம் காப்பது பற்றி. கேட்டதை யாரிடம் சொல்லலாம், எங்கே நிறுத்தி 'இதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்' என்று சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. எந்தச் சட்டக் கல்வித் திட்டத்துக்கும் இதுதான் முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் அதை ஐந்தாம் மாதம் கற்றோம்.

பதியப்படாத பிள்ளை

அந்த ஒரு மாதத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தது. தரம் 10. 15 வயதானதும் பாடசாலை வழியாக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பாசிரியர் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். முதல் முறை 'நாளைக்கு', இரண்டாம் முறை 'அம்மா தேடுறா', மூன்றாம் முறை பிள்ளையே வரவில்லை. 2016இலிருந்து 16 வயதுவரை கல்வி கட்டாயம். அது சட்டப் புத்தகத்தில். வீட்டில் அந்தப் பிள்ளை, ஐ.சி. (அடையாள அட்டை) இல்லாமல் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுத விடமாட்டார்கள், பிறகு எதற்குப் போவது என்று முடிவெடுத்திருந்தது.

அம்மா சொன்ன கதை இது. 2007 மார்ச்சில் படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்தபோது அவர் நிறைமாதம். முகாமிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பிறந்தது. அந்தக் குழப்பத்தில் பதியவே இல்லை. கிளினிக் காட் மட்டும் இருந்தது. அதையும் ஒரு சத்தியக்கடதாசியையும் (சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலம்) வைத்துத்தான் முதலாம் தரத்தில் சேர்த்தார்கள். தகப்பன் 2008இல் வேலைக்கென்று போனவர், திரும்பி வரவில்லை.

பதியப்படாத பிறப்புக்கு வழி இருக்கிறது. பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கிளினிக் காட், பாடசாலைப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், சத்தியக்கடதாசிகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், பதிவேட்டில் தேடியும் பெயர் இல்லை என்ற பெறுபேறு வேண்டும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் இளைஞர் குழு இதைத் தன் முதல் கோப்பாக எடுத்தது. கோப்பட்டை வாங்கினார்கள், மேலே இலக்கம் 1 என்று எழுதினார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

இந்த இடத்தில் தவறு என்னுடையது. தேடுதலை வெல்லாவெளியில் போட்டேன். குடும்பம் அங்கே வசிக்கிறது, அலுவலகமும் கிட்ட. ஆனால் பிறப்பு எங்கே நடந்ததோ அந்தப் பிரிவின் பதிவேட்டில்தான் இருக்கும். பிள்ளை பிறந்தது மட்டக்களப்பு நகரில், மண்முனை வடக்கில். 'இல்லை' என்று பெறுபேறு வந்தது. அதை வைத்து மற்றப் பத்திரங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். ஜூன், ஜூலையில் நாட்டில் பெற்றோல் இல்லை. சட்டத்தரணியால் வர முடியவில்லை. பள்ளிக்கூடமும் ஒழுங்காக நடக்கவில்லை. குழுவின் பொடியன்கள் இரண்டு பேர் சமாதான நீதவானிடம் (ஜே.பி.) கையெழுத்து வாங்கப் பட்டிருப்புப் பாலத்தால் சைக்கிளில் களுவாஞ்சிகுடிக்குப் போய் வந்தார்கள். போன இடத்தில் ஜே.பி. ஐயா எரிபொருள் வரிசையில் நின்றாராம். அங்கேயே, ஒரு மோட்டார் சைக்கிள் சீற்றில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரை வாங்கத் திரும்ப அவர் வீட்டுக்கு ஓடினார்கள்.

எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து பெற்றோல் கொஞ்சம் கிடைத்ததும் சட்டத்தரணி வந்து கோப்பைப் புரட்டினார். முதல் தாளிலேயே நின்றுவிட்டார். "ஆஸ்பத்திரி டவுனில. நீங்க ஏன் இங்க தேடினீங்க?" நான் பதில் சொல்லவில்லை.

மண்முனை வடக்கில் மறுபடி தேடினோம். பதிவு இருந்தது. 2007ஆம் ஆண்டு, உரிய நேரத்தில், தாயின் கையொப்பத்தோடு.

பொலித்தீன் பையில் இருந்தது

தாய்க்குத் தெரியாமல் அது நடந்திருக்க முடியாது. சட்டத்தரணி உடனே தொலைபேசியில் கேட்கலாம் என்றார். குழுவில் அந்த ஒழுங்கையிலேயே இருக்கிற ஒரு பெண் பிள்ளை வேண்டாம் என்றாள். "மிஸ், நான் போய்ப் பேசிறன். நீங்க கேட்டா மாமி கதைக்கமாட்டா." ஒரு பின்னேரம் கச்சான் (நிலக்கடலை) உடைக்கப் போவதுபோலப் போனாள். உடைத்துக்கொண்டே, பேர் பதிஞ்சுதான் இருக்காம் மாமி என்று சொன்னாளாம். அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய், நெல்லுப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். 15 வருடமாக அதற்குள் இருந்தது பிறப்புச் சான்றிதழ்.

தகப்பன் பகுதியில் கோடு இழுத்திருந்தது. பெற்றோர் விவாகமானவர்களா என்ற இடத்தில் 'இல்லை'.

பதிவுத் திருமணம் இல்லாத பெற்றோரின் பிள்ளைக்கு, இருவரும் சேர்ந்து கேட்டு ஒப்பமிட்டால்தான் தகப்பன் விவரம் எழுதுவார்கள். அந்த மார்ச்சில் அவரால் முகாமைவிட்டு வர முடியவில்லை. தாய் தனியாகக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துக் காட்டிய பிறகு, அந்தத் தாளை யாருக்கும் காட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். கணக்கெடுப்பில் கடைவாசலில் பேசப்பட்ட வீடு இவருடையதுதான். அதை அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

சட்டத்தரணி இரண்டு விடயங்களைச் செய்தார். முதலாவது, இலங்கைச் சட்டத்தில் வழக்காற்று முறையில் தாலி கட்டிச் செய்த கலியாணம் பதியப்படாததால் மட்டும் செல்லாமல் போவதில்லை என்று தாயிடம் விளக்கினார். பதிவு மிக வலுவான சான்று. அது இல்லாவிட்டால் வேறு சான்றுகளால் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். "அப்ப நான் கலியாணம் கட்டினதுதானே மிஸ்?" என்று இரண்டு தரம் கேட்டார். கட்டினதுதான் என்று இரண்டு தரமும் பதில் வந்தது. நான் அந்தத் திட்டத்தில் இருந்த காலத்தில் சட்டக் கல்வி என்று சொல்லத்தக்க நிமிடம் ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். அதற்கு வரவுத்தாள் கிடையாது.

இரண்டாவது, வழி காட்டினார். தகப்பன் இல்லாத நிலையில் அந்தக் கோட்டை அலுவலகத்தில் மாற்ற முடியாது. நீதிமன்றம் போக வேண்டும். தாய் அதற்குத் தயாரில்லை. ஆனால் பிள்ளையின் பெயர்க் கட்டம் வேறு. அதில் பிள்ளையின் பெயர் மட்டும் இருந்தது. பாடசாலையிலோ பத்து வருடமாகத் தகப்பன் பெயரோடு சேர்த்து எழுதி வருகிறது. பெயரைத் திருத்திச் சேர்க்கப் பிறப்புப் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு. பிள்ளைக்குச் சட்டப்படியான வயது நிரம்பாதபடியால் தாய் விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பதிவு சான்றாக நின்றது. தகப்பன் பகுதியில் கோடு இருக்க, பெயர்ப் பகுதியில் தகப்பனின் பெயர் ஏறியது. அதே பெயரில்தான் பிறகு அடையாள அட்டையும் வந்தது.

தகப்பனைப் பற்றியும் பேச்சு வந்தது. காணாமற்போனவரின் குடும்பம் இறப்புச் சான்றிதழ்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவுச் சட்டத்தை 2016இல் திருத்தி, ஆளைக் காணவில்லை என்றே ஒரு சான்றிதழ் பெற வழி செய்திருக்கிறார்கள். "செத்தார் எண்டு நான் எழுதித் தரமாட்டன். காணல்ல எண்டா எழுதலாம். யோசிச்சுச் சொல்றன்" என்றார். அந்தக் கோப்பை நாங்கள் திறக்கவில்லை. அவர் சொல்லும்வரை திறக்கக் கூடாது என்று குழுவே தீர்மானித்தது.

மற்ற வேலைகள்

வீதி நாடகம் ஒன்று போட்டோம். எல்லா நிறுவனமும் போடும், நாங்களும் போட்டோம். கிராம உத்தியோகத்தர் வேடம் போட்டவன் நன்றாகவே நடித்தான். உண்மையான கிராம உத்தியோகத்தர் முன்வரிசையில் உட்கார்ந்து அவனைவிடச் சத்தமாகச் சிரித்தார். சனம் எதைக் கற்றது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதைவிட நன்றாகப் பற்றிக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. காரணம் சொல்லத் தேவையில்லை, எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். தங்கள் பாடசாலைக்கு எத்தனை கணித ஆசிரியர் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் ஓர் அலுவலகத்துக்கு எழுதினார்கள். பதில் பிந்தி வந்தது. ஆசிரியர் வரவில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட இடம் ஒன்று வெறுமையாக இருக்கிறது என்பது அலுவலக முத்திரையோடு தாளில் வந்துவிட்டது. பெற்றார் கூட்டத்தில் அதை உயர்த்திக் காட்டியவன், கொழும்பு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவன்.

இன்னொரு தடவை தலைநகரத்து அலுவலகமொன்றிலிருந்து ஒரு பாட்டிக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தது. தமிழும் அரசகரும மொழிதான், தமிழில் எழுதுபவருக்குத் தமிழிலேயே பதில் தர வேண்டும் என்று பணிவாக ஒரு பதிலை பிள்ளைகளே எழுதினார்கள். எங்கள் சட்டத்தரணி ஓர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார். தமிழ்க் கடிதம் வந்தது.

பிள்ளைகள் கற்றதைப் பார்த்துத் தாய்மாரும் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது காணி. மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்கு என்பது பழைய வழக்கம். பல ஊர்களில் கலியாணத்துக்கு முன்னரே வீட்டைக் கட்டிச் சீதனமாகக் கொடுப்பார்கள். ஆனால் அரச காணியின் அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரிமையாளரை (தனக்குப் பின் காணியைப் பெறுபவரை) நியமிக்காமல் ஒருவர் இறந்தால் வாரிசு வரிசையில் ஆண்தான் முன்னுக்கு நின்றார். 2022இல்தான் அந்த வேறுபாட்டை நீக்கிச் சட்டம் திருத்தப்பட்டது. ஆக, ஊர் வழக்கில் மகளுடைய வளவு, கந்தோர்க் கோப்பில் மகனுடையது. இதில் எங்களால் ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியவில்லை. பின்னுரிமையாளரை உயிரோடு இருக்கும்போதே நியமித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னோம். சில குடும்பங்கள் செய்தன. சில குடும்பங்களில் அதனாலேயே அண்ணன் தங்கை பேச்சு நின்றது. அவற்றில் ஒன்று, பிணக்கைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போனது.

கணக்கு

பணம் கொடுத்தவர்களுக்கு நாங்கள் அனுப்பிய அறிக்கையில் எத்தனை பயிற்சிகள், எத்தனை பங்குபற்றுநர்கள் என்று இருந்தது. கோப்பு இலக்கம் 1க்கு ஒரு வரி: 'பிறப்புப் பதிவு தொடர்பாக ஆலோசனை வழங்கப்பட்டது.' அந்த ஒரு வரிக்குப் பல மாதங்களும், இரண்டு தேடுதலும், சைக்கிள் பயணமும், ஒரு பின்னேரம் கச்சான் உடைத்ததும் செலவாகியிருந்தன. வெக்‌ஷொப் நடத்தினால் சாப்பாட்டுக்கு வவுச்சர் போடலாம். ஒருவருடைய கோப்பின் பின்னால் அலைந்தால் பஸ் டிக்கெட்டுக்குக்கூடக் கணக்கில் தலைப்பு இல்லை. என் அபிப்பிராயத்தில், சட்டக் கல்வி என்று சொல்லிப் பணம் கேட்கிற நிறுவனங்கள் முதலில் மாற்ற வேண்டியது இந்தத் தலைப்புகளைத்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. ஒரு கட்டத்தில் ஊரார் படிவம் நிரப்பத் தருவதற்கே குழுவைத் தேடி வந்தார்கள். பிரதேச செயலகம் செய்ய வேண்டிய உதவியை 17 வயதுப் பிள்ளைகள் சும்மா செய்து கொடுத்தால் கந்தோருக்கு நல்லதுதான், பிள்ளைகளுக்கு அல்ல. பரீட்சை கிட்டியதும் நிறுத்தினார்கள். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

2023ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2024 மே மாதம்தான் நடந்தது. அந்தப் பிள்ளை எழுதியது. பெறுபேற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது அந்தப் பிள்ளையின் விடயம். திட்டம் அதற்கு முன்னரே முடிந்து, நான் வேறு வேலைக்குப் போயிருந்தேன். குழுவில் மிஞ்சிய சிலர் வாசிகசாலையில் ஒரு மேசை போட்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை உட்காருவதாகக் கேள்வி.

பரீட்சை முடிந்த பிறகு ஒரு நாள் களுவாஞ்சிகுடிச் சந்தையில் தாயைக் கண்டேன். பிள்ளை சுகமா என்று கேட்டேன். சுகம் என்றார். கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு, "தம்பி, மற்ற அந்தப் பேப்பர், காணல்ல எண்டு எழுதிற பேப்பர், யோசிச்சிட்டன். எப்ப வாறீங்க?" என்றார்.

சட்டத்தரணியின் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்.